மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறேன். தற்கொலைத் தடுப்புக்கு ஒருநாள் பயிற்சி என்று கூப்பிடுகிறார்கள். பத்தாவது படித்த நான் போய் என்ன செய்ய முடியும்?

கேள்விக்குக் கீழே இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: "நான் ஏதாவது தப்பாகப் பேசி, அதனாலேயே ஒன்று ஆகிவிட்டால்?" அந்த வரிக்குத்தான் இந்தப் பதில்.

நான் டாக்டர் இல்லை. கவுன்சிலரும் இல்லை, எந்த அர்த்தத்திலும். குறிஞ்சிப்பாடிப் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். உரம், விதை, பூச்சிமருந்து. "கடன் கொடுத்துக் கழுத்தை நெரிக்கிறவனே பேச வந்துட்டான்" என்று யாராவது கருத்து போடுவீர்கள். போடுங்கள். நான் வட்டி வாங்குவதில்லை. கடனுக்குக் கொடுத்தால் விலையில் கொஞ்சம் ஏற்றுவேன், அதை ஒப்புக்கொள்கிறேன்.

2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே காலையில் முந்திரித் தோப்பெல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தது. நெல் போனால் அடுத்த பட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். முந்திரி மறுபடி வைத்துக் காய்ப்புக்கு வர வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

அடுத்த ஆடி மாதம், காலையில் நான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து நின்றார். சொந்தமில்லை, ஆனால் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பழைய பாக்கி 11,400 ரூபாய். மேசைமேல் எண்ணி வைத்தார். சில நோட்டு ஈரமாக இருந்தது. "என் பேர அடிச்சிரு மாப்ள, நான் பாக்க அடி" என்றார். கடன் நோட்டில் அவர் பேர்மேல் ஸ்கேல் வைத்துக் கோடு அடித்தேன். வராது என்று விட்ட பணம், சந்தோஷத்தில் டீ சொன்னேன். பாதி குடித்துவிட்டு கிளாஸை வைத்தார். ஏது பணம் மாமா என்றுகூட நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவர் சாவுக்குப் போய் நின்றேன்.

ஒருவர் போவதற்கு ஒரே காரணம் இருக்காது என்று இப்போது தெரியும். என் நோட்டுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கோட்டைப் பற்றி நான் வீட்டில்கூட வாய் திறக்கவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் பயிற்சி என்று கடைக்காரர்களைக் கூப்பிட்டார்கள். பேனரில் 'வாயிற்காப்போர் பயிற்சி' என்று அச்சடித்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சலூன்காரர், "வாட்ச்மேன் வேலையா அண்ணே?" என்று கேட்டார். கேட்கீப்பர் என்பதைத்தான் அப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். ஊரில் நாலு பேர் வந்து போகும் இடத்தில் இருப்பவர்கள், அதாவது நான், அவர், உங்களைப்போல் குழுக் கணக்கு எழுதுபவர்கள், ஆபத்தை முதலில் கண்ணில் பார்ப்பவர்கள் என்ற கணக்கு. வைத்தியம் பார்க்கச் சொல்லவில்லை. கேட்கணும், காது கொடுக்கணும், கொண்டுபோய்ச் சேர்க்கணும், அவ்வளவுதான்.

என்னென்ன அறிகுறி என்று பயிற்சி கொடுத்த அம்மா போர்டில் எழுதிக்கொண்டே வந்தார். ஆசையாக வைத்திருந்த பொருளைத் தூக்கிக் கொடுப்பது, சம்பந்தமில்லாமல் மன்னிப்புக் கேட்பது, நாள்பட்ட கடனைத் திடீரென்று தீர்ப்பது. நான் எழுந்து பின்பக்கம் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

உரக்கடைக்காக டேசி டிப்ளமோ 48 வாரம் படித்தவன் நான். பூச்சிமருந்து டப்பா மேல் இருக்கிற முக்கோணத்தின் நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதை வாங்க வருகிறவன் முகத்தைப் பார் என்று ஒரு வாரம்கூட வகுப்பு இல்லை.

மதியத்துக்கு மேல் இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கச் சொன்னார்கள். எனக்கும் சலூன்காரருக்கும் வார்த்தையே வரவில்லை. "தப்பான முடிவு எதுவும்..." என்று இழுத்தேன். அந்த அம்மா நிறுத்தினார். தப்பான முடிவு என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிட்டால் அவர் எப்படி ஆமாம் என்பார்? "செத்துப் போயிடலாம்னு நெனப்பு வருதா?" என்று நேராகக் கேளுங்கள் என்றார். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, கேட்கப்பட்டவர்களுக்குப் பாரம்தான் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றனவாம். பத்து தடவை சொல்லிப் பார்த்த பிறகுதான் குரல் நடுங்காமல் வந்தது.

போன வருஷம் அது உதவியது. குத்தகைக்குப் பயிர் வைக்கிற பையன், என்னை அண்ணே என்பான். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து 2,300 ரூபாயை நீட்டி "நோட்ட முடிச்சிருண்ணே" என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்துக் கேட்டேன்.

"ஏண்ணே இப்பிடிக் கேக்கிற?"

பதில் சொல்லாமல் இருந்தேன். மல்லாட்டை (நிலக்கடலை) விதைக்கு ஒருவர் வந்தார், மத்தியானம் வாங்க என்று அனுப்பினேன். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவன், "ஒரு வாரமா அதே நெனப்புதான்ணே" என்றான்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். அந்த நிமிஷம் படித்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது. "ரெண்டு பொம்பளப் புள்ளைய வச்சிக்கிட்டு இப்பிடிப் பேசலாமா" என்று வாயைவிட்டேன். சொல்லவே கூடாது என்று அவர்கள் வகுப்பில் எழுதிப் போட்ட வாக்கியம் அது. அவன் தலை குனிந்தான். "தப்பாச் சொல்லிட்டன், நீ சொல்லு" என்றேன். சொன்னான். முக்கால் மணி நேரம். தப்பாகப் பேசினால் திருத்திக்கொள்ள இடம் இருக்கிறது சகோதரி. பேசாமல் கோடு போட்டுக் கொடுத்ததைத் திருத்த எனக்கு வழி இல்லை.

தனியாக அனுப்பவில்லை. அவன் மச்சானை வரச்சொன்னேன். 14416க்குப் போன் போட்டோம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, காசு கிடையாது, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். மறுநாள் மச்சான் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று வீட்டில் பயந்தார்கள். இப்படி ஓர் எண்ணம் வருகிறது என்று டாக்டரிடம் சொல்வது எந்தக் காலத்திலும் குற்றமில்லை. முயற்சி செய்தவர்களைத் தண்டிக்கும் பழைய 309ஆம் பிரிவுகூட 2024 ஜூலை முதல் வந்த புதுச் சட்டத்தில் இல்லை.

வீட்டில் இருந்த பூச்சிமருந்தை மச்சான் மூட்டை கட்டி என் கடையில் கொண்டுவந்து வைத்தார். இது என் யோசனை இல்லை. நம் மாவட்டத்திலேயே காட்டுமன்னார்கோயில் பக்கம், சென்னையில் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர், பொது இடத்தில் ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி வைத்து விவசாயிகளை மருந்தை அங்கே வைக்கச் செய்து பார்த்தார்கள். செத்துப்போகணும் என்கிற அந்த வேகம் வந்து போகிற ஒன்று. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே பாதி ஆபத்து கழிந்தது. 2023 தொடக்கத்தில் ஆறு பூச்சிமருந்துகளை அரசு 60 நாள் தடை செய்தபோது வியாபாரம் போச்சே என்று திட்டியவர்களில் நானும் ஒருவன். அதையும் எழுதிவிடுகிறேன்.



அந்தப் பையனிடம் 2,000தான் வாங்கினேன், 300 நிற்கட்டும் என்றேன். வாரம் ஒருமுறை போன் அடிக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் சென்னை உட்பட ஐந்து இடங்களில் நடத்திய ஆய்வில், முயற்சி செய்து பிழைத்தவர்களை 18 மாதம் தொடர்ந்து விசாரித்து வந்ததில் இறப்பு குறைந்ததாம். சில வாரம் எரிச்சலாகப் பேசுவான், சில வாரம் எடுக்கவே மாட்டான், பிறகு மச்சானுக்கு அடிப்பேன்.

நீங்கள் கணக்கு எழுதுகிறவர். யார் தவணை தப்புகிறார், யார் ஒரேயடியாகக் கட்டுகிறார் என்று உங்கள் நோட்டுக்குத்தான் முதலில் தெரியும். போய்விட்டு வாருங்கள். மதியம் பொட்டலச் சோறுதான் தருவார்கள், அதுவும் இரண்டரை மணிக்கு. சர்க்கரை இருந்தால் வீட்டிலிருந்து ஏதாவது எடுத்துப் போங்கள்.