பூல் ரூல் கேள்வி பதில்: எதிராளி எவ்ளோ நேரம் நாற்காலில ஒக்காரணும்?

வணக்கம். காரைக்குடில பூல் டேபிள் (குச்சியால பந்த அடிச்சு மேசை ஓரத்து பாக்கெட்ல தள்ளுற ஆட்டம்) போட்டு நடத்துறவன் நான், புரொஃபஷனல் மேட்ச் எதையும் விடாம பாக்குறவன், அதனால போட்டி ரூல் பத்தி மட்டும் கேளுங்கனு சொல்லிருந்தேன். சரமாரியா வந்துருக்கு. புடிச்ச கேள்விக்கு நீட்டுவேன், மத்ததுக்கு ஒரு வரிதான், கோவிச்சுக்காதீங்க.

கானாடுகாத்தான் தம்பி: அண்ணே, நாம எல்லாரும் 8 பால்தான் ஆடுறோம், பெரிய போட்டியில மட்டும் ஏன் 9 பால்?

தம்பி, பாக்குறவனுக்கு ஒண்ணுமே சொல்லித்தர வேணாம், அதான். மேசைல இருக்குறதுல சின்ன நம்பர முதல்ல தொடணும், 9ம் நம்பர் பந்து விழுந்தா ரேக், அதாவது ஒரு ஆட்டம், முடிஞ்சுச்சு. சேனல் மாத்துறப்ப நடுவுல வந்தவனுக்கும் அடுத்த பந்து எதுனு தெரியும். 8 பால்ல யாரு கோடு போட்டது யாரு முழுக்கலர்னு கேக்குறதுக்குள்ள ரேக் முடிஞ்சுரும்.

இன்னொரு பக்கம் ஸ்ட்ரெய்ட் பூல் இருக்கு, 14.1னு சொல்லுவாங்க, எந்தப் பந்த வேணாலும் சொல்லி அடிக்கலாம், மிஸ் ஆகுற வரைக்கும் ஒருத்தனே ஆடுவான். வில்லி மோஸ்கோனி 1954ல ஒரு எக்ஸிபிஷன்ல தொடர்ந்து 526 பந்து போட்டாரு, 2019ல ஜான் ஷ்மிட் 626, 2022ல ஜெய்சன் ஷா 714. என்னக் கேட்டா திறமையோட உச்சம் அதுதான். ஆனா 714 பந்து விழுற வரைக்கும் எதிர்ல ஒருத்தன் ஒக்காந்திருந்தா அவன் என்ன பண்ணுவான், நாமதான் என்ன பண்ணுவோம், சொல்லுங்க. இங்கிலீஷ் பில்லியர்ட்ஸ்லயும் இதே கததான். 1907ல டாம் ரீஸ் ரெண்டு பந்த பாக்கெட் வாய்லயே மாட்டவச்சு தட்டித் தட்டி 4,99,135 பாயிண்ட் எடுத்தாரு, முடிக்கக்கூட இல்ல, வாரக்கணக்குல ஓடுச்சு, அந்த ஷாட்டயே தடை பண்ணிட்டாங்க. 1932ல வால்டர் லிண்ட்ரம், ஜோ டேவிஸுக்கு எதிரா ஒரே மூச்சுல 4,137 பாயிண்ட் எடுத்தாரு. குஷன் (மேசையோட ரப்பர் விளிம்பு) ஓரமா பந்துகள நகத்திக்கிட்டே தட்டுற அவரோட நர்சரி கேனனுக்குக் கடிவாளம் போடத்தான், அடிக்கிற பந்து அப்பப்ப மேசைல இருக்குற ஒரு கோட்டத் தாண்டியாகணும்ங்குற பாக் லைன் ரூலே வந்துச்சு. ஆனா கூட்டம் அதுக்குள்ள ஸ்நூக்கர் பக்கம் நகர ஆரம்பிச்சுருச்சு. நான் எந்த ரூல எடுத்தாலும் கேக்குறது ஒண்ணுதான்: எதிராளிய எவ்ளோ நேரம் நாற்காலில ஒக்கார வைக்குது?

புதுவயல்ல இருந்து: 9 ஃப்ளூக்ல விழுந்தா செல்லுமா?

9 பால்ல சின்ன நம்பர முதல்ல தொட்டு, ஃபவுல் இல்லாம விழுந்தா செல்லும். 10 பால்ல பந்தையும் பாக்கெட்டையும் சொல்லி அடிக்கணும், அங்க செல்லாது. எந்த ரூல்னு எழுதி செவுத்துல ஒட்டிட்டு ஆடுங்க.

பள்ளத்தூர்க்காரர்: பாக்கெட்ட சின்னதாக்குனா ஆட்டம் நல்லா இருக்குமா, போரடிக்குமா?

ரெண்டும் நடக்கும். பந்து 2.25 இஞ்ச். சர்வதேச அளவுல மூலை பாக்கெட் வாய் 4.5ல இருந்து 4.625 இஞ்ச் வரைக்கும், அதாவது ரெண்டு பந்த ஒட்டி வச்சா உள்ள போயிரும். மேட்ச்ரூம்ங்குற கம்பெனி நடத்துற போட்டிகள்ல இப்ப 4 இஞ்ச், ரெண்டு பந்து சேந்து நிக்கவே முடியாது. மிஸ் ஜாஸ்தியாகும், எதிராளி எந்திரிப்பான், அது நல்லது. ரொம்ப இறுக்குனா ஆளுங்க தைரியமா அடிக்காம, எதிராளிக்கு ஷாட் கிடைக்காதபடி பந்த வைக்குற சேஃப்டிக்கு போவாங்க, அது தூக்கம். பாக்கெட்ட மட்டும் மாத்தி பிரேக்க (ரேக்கோட முதல் அடி) தொடாம விட்டா பாதி வேலதான்.

கோட்டையூர் மாப்ள: பிரேக் ரூல ஏன் இத்தன தடவ மாத்துறாங்க?

வாங்க மாப்ள, இதத்தான் எதிர்பாத்தேன். டெம்ப்ளேட்னு ஒரு மெல்லிசு ஷீட் வச்சு பந்துகள இடைவெளியே இல்லாம அடுக்கி (ரேக் பண்ணி), 1ம் நம்பர மேசைல குறிச்ச புள்ளில, அதாவது ஸ்பாட்ல, வச்சா, ரேக்கோட ரெண்டு பக்க ஓரத்துல நிக்குற ரெக்கைப் பந்து மூலை பாக்கெட்டுக்கு நூல் புடிச்ச மாதிரி போகும். வேகமே வேணாம். 2001 யூஎஸ் ஓப்பன்ல கோரி டூவல் மெதுவா பிரேக் பண்ணியே பந்த போட்டு, மத்தத கலையாம பக்கத்துலயே வச்சுக்கிட்டு, ஃபைனல்ல மிகா இம்மோனன 11-0ன்னு முடிச்சாரு. புத்திசாலித்தனம்தான், இல்லேங்கல, ஆனா பிரேக்குனா டமார்னு சத்தம் கேக்கணும்னு வந்தவனுக்கு அது ஏமாத்தம். அதனால 9-ஐ ஸ்பாட்ல வச்சாங்க, மொத்த ரேக்கும் மேல ஏறுச்சு, ரெக்கைப் பந்துக்கு பழைய பாதை இல்ல. வெள்ளப் பந்த ஒரு பாக்ஸுக்குள்ள வச்சுத்தான் அடிக்கணும்னாங்க. மூணு பந்தாவது விழணும், இல்ல பிரேக் பண்றவன் பக்கம் இருக்குற தலைக்கோட்டத் தாண்டணும்னாங்க. ஒவ்வொண்ணும் ஒரு ஓட்டைய அடைக்க வந்ததுதான்.

ஊர் சொல்லாதவர்: ஃப்ளூக்ல 9 விழுந்தா...

மேல பாருங்க.

தேவகோட்டைக்காரர்: வின்னர் பிரேக் அநியாயம்ங்க. ஜெயிச்சவனுக்கே திரும்ப பிரேக் குடுத்தா தோத்தவன் எப்பதான் ஆடுறது? மாத்தி மாத்தி பிரேக் பண்ற ஆல்டர்நேட்தான் நியாயம்.

அண்ணே, நியாயம்ங்குறத விடுங்க, கணக்கு பாப்போம். ரேஸ் டு 9 (முதல்ல 9 ரேக் எடுத்தவன் ஜெயிப்பான்), நான் முதல் பிரேக்னு வைங்க. வின்னர் பிரேக்ல நான் மறுபடி பிரேக் பண்ணணும்னா முந்தின ரேக்க ஜெயிச்சிருக்கணும், அதனால ஆட்டம் முடியுறதுக்குள்ள எனக்கு அதிகபட்சம் 9 பிரேக், உங்களுக்கு 8. ஆல்டர்நேட்லயும் அதே 9, அதே 8. ஆட்டம் முடிஞ்சப்புறம் மிச்ச பிரேக்கையும் சும்மா ஆடி 17 ரேக்க முழுசாக்குனா, யாருக்கு 9 வருதோ அவருதான் ஏற்கனவே ஜெயிச்சவரு. ரேக்குக்கு ரேக் ஆளோட ஃபார்ம் மாறாதுனு வச்சுக்கிட்டா ரெண்டு ரூல்லயும் ஜெயிக்கிற வாய்ப்பு ஒண்ணேதான். மாறுறது வரிசை மட்டும்தான். வின்னர் பிரேக்ல ஸ்கோர் 9-2ன்னு கிழியும், இல்ல 2-8ல இருந்து ஒருத்தன் ஏறி வருவான். 1996ல டல்லாஸ்ல ஏர்ல் ஸ்ட்ரிக்லேண்ட் வரிசையா 11 ரேக் எடுத்தாரே, 10 எடுத்தா பத்து லட்சம் டாலர்னு அறிவிச்சிருந்த போட்டி அது, ஆல்டர்நேட்ல அப்டி ஒரு சமாச்சாரத்துக்கு வழியே இல்ல.

தேவகோட்டைக்காரர் மறுபடி: கணக்கு காகிதத்துல. ஆறு ரேக் ஒக்காந்து கை ஆறிப்போனவன் அதே ஆளா?

இத முதல்லயே கேட்டிருக்கலாம்ணே, பாயிண்டே இதுதான். வின்னர் பிரேக்ங்குறது ஒருத்தன் கல்யாணப் பந்தில எல போட்டு ஒக்காந்துட்டு எந்திரிக்கவே மாட்டேங்குறதுதான், பின்னாடி நிக்கிறவனுக்கு பசியே செத்துரும். ஆனா அதுக்கு மருந்து பிரேக் முறை இல்ல, பிரேக்கோட கஷ்டம். 9 ஸ்பாட்ல, பாக்கெட் 4 இஞ்ச்னு இருந்தா அவன் தானா எந்திரிப்பான். சுலபமான பிரேக்கும் வின்னர் பிரேக்கும் சேந்தாதான் விஷம். டிவிக்கு சின்ன ரேஸ்னா ஆல்டர்நேட் வைங்க, நான் சண்டைக்கு வரல.

செக்காலை ரோட்டுல இருந்து ஒருத்தர்: தேவகோட்டைக்காரர் சொல்றதுதான் சரி, நீங்க மழுப்புறீங்க.

மழுப்பல. ரேஸ் டு 5க்கு ஆல்டர்நேட், ரேஸ் டு 11க்கு மேல வின்னர். போதுமா?

கண்டனூர் மாணவர்: ஷாட் கிளாக் தேவையா சார்?

தேவை. மோஸ்கோனி கப் 1994ல இருந்து நடக்குது, ஐரோப்பாவும் அமெரிக்காவும் டீமா ஆடுறது, ஷாட்டுக்கு 30 செகண்ட், கூட்டம் கத்தலாம், அதுக்குன்னே ஜனம் வரும். ஸ்நூக்கர்ல ஷூட் அவுட்னு ஒண்ணு, ஒரே ஃப்ரேம், மொத்தமே 10 நிமிஷம், முதல் அஞ்சு நிமிஷம் ஷாட்டுக்கு 15 செகண்ட், அப்புறம் 10. எனக்கு அது கொஞ்சம் ஓவர்.

கொத்தமங்கலம்: ஸ்நூக்கர் நம்ம ஊட்டில பொறந்துச்சாமே?

1875ல ஜபல்பூர்ல சேம்பர்லைன்ங்குற ராணுவ அதிகாரி ஆரம்பிச்சதுனு சொல்லுவாங்க, 1882ல ஊட்டி க்ளப்ல ரூல் எழுதி ஒட்டுனாங்க. பாத்தீங்களா, அவங்களே எழுதி ஒட்டிருக்காங்க.

ஆத்தங்குடி ஆச்சி: பேரனுக்கு முற்றத்துல டேபிள் போடணும், பூக்கல்லு தாங்குமா?

ஆச்சி, 9 அடி ஸ்லேட் டேபிள் 400 கிலோவத் தாண்டும், எடை முழுக்க கால்ல எறங்கும். கல்லு பத்தி உங்க மேஸ்திரியதான் கேக்கணும், எனக்கு ரூல்தான் தெரியும். முற்றம்னா மழைத்தண்ணியும் பாத்துக்கங்க.

இன்னொருத்தர்: பிரேக்லயே ஃப்ளூக்ல 9...

அய்யா! ஃபவுல் இல்லேனா 9 பால்ல பொதுவா செல்லும், போட்டிக்குப் போட்டி மாறும். எழுதி ஒட்டுங்க, எழுதி ஒட்டுங்க, எழுதி ஒட்டுங்க.

கல்லல் பசங்க: பொங்கலுக்கு ஒரே நாள், ஒரே டேபிள், 16 பேரு. என்ன ரூல் வைக்கலாம்ணே?

நாக் அவுட்னா 15 மேட்ச் வரும், நேரம் பத்தாது, அதனால ரேஸ் டு 3, ஆல்டர்நேட் பிரேக், 30 செகண்ட், ரேக்குக்கு ஆளுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் (கூடுதல் நேரம்). 9-ஐ ஸ்பாட்ல வைங்க. பிரேக்ல 9 விழுந்தா திரும்ப எடுத்து வச்சிருங்க, இல்லேனா நாள் பூரா அதே கேள்வி வரும். ஃபைனல் மட்டும் வின்னர் பிரேக், ரேஸ் டு 7. காசு கட்டி ஆட விடாதீங்க. முதல் பிரேக்குக்கு டாஸ் வேணாம், ரெண்டு பேரும் லாக் அடிங்க, எதிர் குஷன்ல பட்டு திரும்பி வந்து யாரோட பந்து நீங்க நிக்குற பக்கத்து தலை குஷனுக்குக் கிட்ட நிக்குதோ அவருக்கு பிரேக்.