நான்கு நாள் கழித்துப் பொருத்திய கண்

கேள்வி: போன மாதம் அப்பா (71) தவறிவிட்டார். அன்றைக்கே கண்தானம் செய்தோம். நான்கு நாள் கழித்துத்தான் ஒரு கண்ணைப் பொருத்தினார்களாம். கண்புரை ஆபரேஷன் செய்த இன்னொரு கண் பார்வைக்குப் பயன்படாது என்றார்கள். அத்தனை நாள் கண் எப்படிக் கெடாமல் இருந்தது? மற்றது வீண்தானா? சர்க்கரை நோய் உள்ள அம்மாவும் தானம் செய்யலாமா?

பதில்: அந்தத் துக்கத்திலும் கண் வங்கிக்கு போன் செய்திருக்கிறீர்கள். அதற்கே முதலில் நன்றி.

கண்தானம் என்று சொன்னாலும் பொருத்துவது கண்ணின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும் கருவிழியை (கார்னியா) மட்டும்தான், முழுக் கண்ணை அல்ல. கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது. அதனால் இதயம் நின்றதும் அது உடனே செத்துவிடாது. ஆனால் சாகத் தொடங்கிவிடும். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கச் சொல்வது அதனால்தான்.

இவ்வளவு அவசரமும் கருவிழியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஒரே ஓர் அடுக்கு செல்களுக்காக. நுண்ணோக்கியில் பார்த்தால் தேன்கூடு மாதிரி ஆறு மூலையோடு வரிசையாக நிற்கும். கருவிழிக்குள் கசியும் நீரை ஓயாமல் இறைத்து வெளியேற்றுவது இவைதான். இறைப்பு நின்றால் கருவிழி ஊறி வெளுத்துவிடும். இதில் ஒரு சங்கடம்: செத்த செல்லுக்குப் பதில் நம் உடம்பு புதிதாக ஒன்றை உண்டாக்காது. பக்கத்துச் செல் கொஞ்சம் அகன்று இடத்தை அடைக்கும், அவ்வளவுதான்.

எடுத்த கருவிழியை இளஞ்சிவப்புத் திரவம் உள்ள சின்னக் குப்பியில் போடுவார்கள். செல்லுக்கு வேண்டிய சத்து, ஆன்டிபயாடிக், நீர் ஊறாமல் தடுக்கும் டெக்ஸ்ட்ரான் எல்லாம் அதில் உண்டு. திரவம் மஞ்சளித்தால் கிருமி புகுந்ததோ என்று சந்தேகப்பட வேண்டும். குப்பி இருப்பது 2 முதல் 8 டிகிரியில், உறையவிடக் கூடாது. அந்தக் குளிரில் செல்லின் பசி குறைகிறது, சாவு தள்ளிப்போகிறது. 1974-ல் மெக்கேரியும் காஃப்மனும் உருவாக்கிய எம்.கே. திரவத்தில் நான்கு நாள் வைக்கலாம். மதுரை ஆரோலேப் நிறுவனம் தயாரிக்கும் கார்னிசால் என்ற திரவத்தில் 14 நாள் வரை தாங்கும்.

சரி, அந்த இன்னொரு கண்? கண்புரை ஆபரேஷனில் இந்தச் செல்கள் கொஞ்சம் அழிவது சகஜம். பார்வைக்காகப் பொருத்த, சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2000 செல்லாவது எதிர்பார்ப்போம். குறைந்தால் வீண் என்று அர்த்தமில்லை. புண்ணால் ஓட்டை விழுந்த கண்ணை அவசரமாக அடைக்க, செல்லெல்லாம் செத்த, கிளிசரினில் வைத்த கருவிழியே போதும். இளம் மருத்துவர்கள் கை பழகுவதும் இப்படிப்பட்ட கண்களில்தான். உங்கள் அப்பாவின் கண் எதற்குப் போனது என்று கண் வங்கியில் கேளுங்கள். பெற்றவர் பெயரை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

ஜப்பானில் கியோட்டோவின் கினோஷிட்டா குழு இந்தச் செல்களை ஆய்வகத்தில் பெருக்கி, ஊசி வழியாக 11 பேர் கண்ணில் செலுத்தி 2018-ல் முடிவை வெளியிட்டது. கூடவே, செல்கள் சாகாமல் ஒட்டிக்கொள்ள ஒரு மருந்தும் சேர்த்தார்கள். உடம்புக்குள் பெருகாத செல் வெளியே பெருகுகிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அம்மா தாராளமாகத் தானம் செய்யலாம். சர்க்கரை தடையில்லை. வீட்டில் எல்லோருக்கும் இதை மட்டும் சொல்லி வையுங்கள்: உயிர் பிரிந்ததும் இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, தலைக்குத் தலையணை கொடுத்து, ஃபேனை நிறுத்திவிட வேண்டும். ஃபேன் காற்றில் கருவிழி காய்ந்துவிடும்.