ஆல்ஃபா 0.94 வந்தால் போதுமா?

கேள்வி: எம்.எட். ஆய்வுக்காக, பிளஸ் டூ மாணவர்களின் தேர்வுப் பதற்றத்தை அளக்க 40 கூற்றுகளோடு நானே ஒரு டூல் தயாரித்தேன். 50 பேரிடம் கொடுத்ததில் குரோன்பாக் ஆல்ஃபா (1-ஐ நெருங்கினால் நல்லது என்கிற நம்பகத்தன்மை எண்) 0.94. 'வேலிடிட்டியும் முடிந்த மாதிரிதான்' என்கிறார் கணக்குப் போட்டுத் தந்த சென்டர்காரர். மெயின் ஸ்டடியை ஆரம்பிக்கலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: இப்போது வேண்டாம். கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதற்கு மேல் ஆல்ஃபா எதையும் சொல்லாது. அவை அளப்பது பதற்றத்தையா, வேறு எதையாவதா என்பது தனிக் கேள்வி. வேலிடிட்டி என்பது அதுதான். போதாக்குறைக்கு, கூற்றுகள் கூடினாலே ஆல்ஃபாவும் கூடும். கூற்றுகளுக்கு இடையிலான சராசரி ஒட்டுறவு (கோரிலேஷன்) வெறும் 0.28 இருந்தாலே 40 கூற்றுக்கு 0.94 வந்துவிடும், அதே தரத்தில் பத்துக் கூற்று வைத்தால் 0.8தான்.

முதலில் ஏழெட்டு மாணவர்களைத் தனித்தனியே உட்காரவைத்து, ஒவ்வொரு கூற்றும் என்ன கேட்கிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். 'சரியாகத் தூங்க முடிவதில்லை' என்பதற்கு, விடியற்காலை ஸ்பெஷல் கிளாஸை நினைத்து 'எப்போதும்' என்று டிக் அடிக்கிற பையன் இருப்பான். இதை எந்த ஆல்ஃபாவும் பிடிக்காது. ஐந்து பேராசிரியர்கள் வாசிக்காமலே போட்ட கையெழுத்தும் பிடிக்காது. நம் ஊரில் அதற்குப் பெயர் 'நிபுணர் ஒப்புதல்'.

பிறகு, உங்கள் டூலை நிரப்பும் மாணவர்களிடமே ஜிஏடி-7 வினாத்தாளையும் கொடுங்கள். ஏழே கேள்வி, இலவசம். அது பொதுவான பதற்றத்துக்கானது. உங்கள் மதிப்பெண் அதோடு ஓரளவு ஒத்துப்போக வேண்டும். அச்சாக ஒத்துப்போனால், நீங்கள் தேர்வுப் பதற்றத்தைத் தனியாக அளக்கவில்லை என்று அர்த்தம். கூற்றுகள் எப்படிக் குழுக்களாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வுக்கு 50 பேர் பத்தாது, சில நூறு பேராவது வேண்டும்.

மற்றவற்றோடு ஒட்டாத கூற்றை நீக்கிவிடலாம். முக்கியமான விதிவிலக்கு, 'தேர்வறையில் நிம்மதியாக இருப்பேன்' போன்ற எதிர்த்திசைக் கூற்று. மற்றதில் 'எப்போதும்' என்றால் 5, இதில் 1. அதைத் திருப்பிப் போட மறந்தால் நல்ல கூற்றின் ஒட்டுறவே மைனஸில் போய் நிற்கும், சென்டர்காரர் சட்டென்று அழித்துவிடுவார். எதையும் நீக்குமுன் இப்படிப்பட்ட கூற்றுகளை எண்ணி, மதிப்பெண்ணைத் திருப்பி, மறுபடி கணக்கிடுங்கள். அப்போதும் ஒட்டவில்லையா, சரி, நீக்குங்கள்.

'ஆள் குறைந்தால் டேட்டாவை நாங்களே நிரப்பித் தருகிறோம்' என்ற பேச்சு வந்தால் அந்த சென்டர் பக்கமே போகாதீர்கள். விடைத்தாள்களை நீங்களே பதிவு செய்யுங்கள். ஜமோவி என்ற இலவச மென்பொருளிலேயே ஆல்ஃபா போடலாம். சமர்ப்பிக்கும் தேதியைக் காட்டி கைடு அவசரப்படுத்தினால், 50 பேரிடம் செய்ததை 'முன்னோட்டம்' என்று மட்டும் ஆய்வேட்டில் எழுதுங்கள். 'தரப்படுத்தப்பட்ட கருவி' என்று எழுதாதீர்கள்.