நூலில் ஏறும் நிறம்

கேள்வி: என் ஐந்து வயது மகன் விரும்பித் தின்னும் மிட்டாயின் உறையில் 102, 110 என்று எண்கள் இருக்கின்றன. இந்த நிறமிகளை ஒரு நாட்டில் தடுக்கிறார்கள், இன்னொரு நாட்டில் விடுகிறார்கள். யார் சொல்வதை நம்புவது? – ஒரு வாசகி

பதில்: உறையின் பின்பக்கத்தைப் படிக்கிறீர்களே, பாதி வேலை முடிந்தது அம்மா. 102 டார்ட்ரசின், 110 சன்செட் யெல்லோ.

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் நான் சேர்ந்த புதிதில், மாதிரியைக் கரைத்து, சிறிது அமிலம் விட்டு, வெள்ளைக் கம்பளி நூலைப் போட்டுக் கொதிக்க வைப்போம். செயற்கைச் சாயம் நூலில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அலசினாலும் போகாது. சாயம் இருக்கிறதா என்பதற்கு அந்த நூல் பதில் சொல்லும். இருக்கலாமா என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில்.

அமெரிக்கா 2025 ஜனவரியில் எரித்ரோசினை (சிவப்பு 3) உணவிலிருந்து நீக்க உத்தரவிட்டது. அதிக அளவில் கொடுத்த ஆண் எலிகளுக்குத் தைராய்டில் கட்டி வந்தது. அது வரும் வழி மனிதர்களிடம் இல்லை என்று அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வே சொல்கிறது. ஆனால் விலங்குக்குப் புற்று வரவழைக்கும் நிறமியை அனுமதிக்கவே கூடாது என்பது அங்குள்ள டெலானி விதி. எவ்வளவு கொடுத்தால் என்று அது கேட்பதில்லை. அழகுசாதனங்களில் இதே நிறத்தை 1990-லேயே விலக்கியவர்கள், தின்பதில் மட்டும் 35 வருடம் விட்டுவைத்தது என்ன நியாயமோ!

ஐரோப்பாவின் கதை வேறு. 2007-ல் வெளியான சவுத்தாம்ப்டன் ஆய்வில், 3 வயது, 8-9 வயதுப் பிள்ளைகளுக்குச் சாயக் கலவையோடு, உணவு கெடாமல் காக்கும் சோடியம் பென்சோயேட்டும் கொடுத்தார்கள். சிலருக்குத் துறுதுறுப்பு கொஞ்சம் கூடியது. எது காரணம் என்று பிரிக்க முடியவில்லை. அதனால் தடுக்காமல், 2010 ஜூலை முதல் ஆறு சாயங்களுக்கு எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கினார்கள். உங்கள் இரண்டும் அந்த ஆறில் உண்டு.

டார்ட்ரசினுக்கு ஐரோப்பிய வரம்பு, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 7.5 மி.கி. பையன் 18 கிலோ என்றால் 135 மி.கி. உறையில் எண் இருக்கும், அளவு இருக்காது. நீங்கள் எப்படிக் கணக்குப் போடுவீர்கள்? ஐயம் இருந்தால் மூன்று வாரம் நிறுத்திப் பாருங்கள். மாற்றம் தெரிகிறதா என்பதை மட்டும், நிறுத்திய விஷயம் தெரியாத அவன் ஆசிரியரிடம் கேளுங்கள். நம் கண் நமக்குப் பிடித்ததையே பார்க்கும்.

கேள்வி: 'இயற்கை நிறம்' என்று போட்டிருந்தால் பயமில்லைதானே? – இன்னொரு வாசகர்

பதில்: கார்மைன் இயற்கைதான், பூச்சியிலிருந்து எடுப்பது. சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்ததால்தான், 2011 முதல் அமெரிக்காவில் அதன் பெயரை உறையில் போட்டே ஆகவேண்டும்.