தட்டைக் கவிழ்த்தால் அழைத்துவரவும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். சேலத்தில் ஒரு மருத்துவமனையின் மனநலத் துறையில் வேலை செய்கிறேன். சென்ற மாதம் பட்டமேற்படிப்பு மாணவர்களின் பயிற்சிப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். மூன்று ஆண்டுக்கும் சேர்த்து ஒன்பது பேர். எனக்கு நோயாளியைப் பார்க்கத் தெரியும், பாடம் எடுக்கத் தெரியும். ஒரு பயிற்சியை எப்படி நடத்துவது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. என்னைப் பயிற்றுவித்தவர் கத்துவார். பயந்து பயந்துதான் படித்தோம், நன்றாகவும் படித்தோம். அதட்டாவிட்டால் தரம் இறங்கிவிடும் என்று மூத்தவர்கள் எச்சரிக்கிறார்கள். உங்கள் அண்ணனின் நோயைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். முப்பது ஆண்டுகளாக எங்கள் வார்டுகளுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் நீங்கள். அங்கிருந்து பார்க்கையில், பயிற்சிக்குத் தலைமை தாங்குகிறவரிடம் எது உங்கள் கண்ணில் பட்டது?

பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள டாக்டர்,

உங்கள் கடிதத்தை அண்ணனுக்கும் படித்துக் காட்டினேன். கீழே உள்ளதை அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

பெஞ்சில் இருப்பவர்களுக்குத் துறைத்தலைவரை அவ்வளவாகத் தெரியாது. பத்துப் பேர் பின்தொடர ரவுண்ட்ஸில் கடந்து போகிறவர் அவர். எங்களுக்குத் தெரிந்த டாக்டர் பிஜி டாக்டர்தான், அதாவது பட்டமேற்படிப்பு மாணவர். ஓபி சீட்டை வாங்கிப் பார்ப்பதும், வீட்டுக் கதை முழுவதையும் கேட்பதும், நள்ளிரவில் ஓடிவருவதும் அவர்தான். அந்தப் பிள்ளையின் முகத்தை வைத்தே மேலே இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று கணித்துவிடுவோம். அநேகமாக அந்தக் கணிப்பு தப்பியதில்லை.

1994இல் அண்ணனுக்கு நோய் வந்தது. சேலத்துக் குடும்பங்கள் அன்று பெங்களூருக்கும் வேலூருக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் ராத்திரி பஸ் ஏறிப் போவார்கள். நாங்களும் ஒரு வெளியூர் மருத்துவமனைக்குப் போனோம். எது என்பது வேண்டாம். சேர்த்த இரண்டாம் நாள் இரவு அண்ணனின் கழுத்து ஒருபக்கமாக முறுக்கிக்கொண்டது. கண்கள் மேலே செருகி நின்றன. நாக்கு வெளியே தள்ளியது. ஹாலோபெரிடால் ஊசிக்குப் பிறகு சிலருக்கு, குறிப்பாக இளைஞர்களுக்கு, வரக்கூடிய தசை இறுக்கம் அது என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். அன்று அண்ணன் சாகப்போகிறார் என்றே நினைத்தோம். டியூட்டியில் இருந்தது முதலாண்டு மாணவி, சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். மேசைத் தொலைபேசியில் சீஃப் வீட்டு எண்ணைச் சுழற்றினார். பாதியில் ரிசீவரை வைத்தார். மறுபடி எடுத்தார். மறுபடியும் வைத்தார். வயதான சிஸ்டர் ஒருவர் பக்கத்தில் வந்து, ஃபெனர்கான் போடலாமா டாக்டர் என்று தணிந்த குரலில் கேட்டார். போட்டார்கள். அரை மணி நேரத்தில் கழுத்து இளகியது.

மறுநாள் ரவுண்ட்ஸில் சீஃப் எங்கள் எதிரிலேயே, இதுகூடத் தெரியாமலா எம்.டி. படிக்க வந்தாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநல மருத்துவத்துக்குத் தனித் தேர்வே கிடையாது. பொது மருத்துவத்துக்குள் ஒரு மூலையில் அடங்கிவிடுகிறது. புதிதாக வருகிறவர்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் இயல்பு. அன்றைக்குப் பிறகு அந்தப் பெண் யாரிடமும் எதையும் கேட்டதை நான் பார்க்கவில்லை. அண்ணனின் கேஸ் ஷீட்டில் நாள்தோறும் ஒரே வரியை எழுதிவிட்டுப் போனார். தெரியவில்லை என்று சொல்வது ஆபத்து என்பதைத்தான் அவர் அந்த மருத்துவமனையில் முதலில் கற்றுக்கொண்டார். நீங்கள் பயந்து படித்து நன்றாக வந்தீர்கள், மகிழ்ச்சி. பயந்ததில் கேட்காமல் விட்ட கேள்விகள் எத்தனை, அவற்றின் விலையை எந்தப் படுக்கையில் யார் கொடுத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வழியில்லை. எங்களுக்குத் தெரியும்.

சில ஆண்டுகள் கழித்து, அலைய முடியாமல், சேலம் பக்கத்திலேயே ஒரு பயிற்சி மருத்துவமனைக்கு மாறினோம். அங்கே இருந்த சீஃப் கட்டிலருகே வந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். முதலில் மாணவரைக் கேட்பார். பிறகு அண்ணனைக் கேட்பார். பிறகு அம்மாவைக் கேட்பார். அம்மா செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குப் பற்றவைக்கப் போகிறவர். டாக்டர் தன்னிடம் கேள்வி கேட்பார் என்றே எதிர்பார்த்ததில்லை. ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: நோய் முற்றுவதற்கு ஒரு வாரம் முன்பு இவன் சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கவிழ்த்து வைப்பான், மற்ற நாளில் செய்யமாட்டான். மாணவர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். சீஃப் நகரவில்லை. இதை எழுது, அம்மா சொன்ன வார்த்தையிலேயே எழுது என்றார். தட்டைக் கவிழ்த்தால் ஒரு வாரத்துக்குள் அழைத்துவரவும் என்று கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஏறியது. எனக்குத் தெரிந்து மூன்று முறை அந்த வரி அண்ணனை வார்டில் படுக்கவிடாமல் காப்பாற்றியிருக்கிறது. தட்டு கவிழ்ந்ததும் கிளம்பிவிடுவோம், மருந்தைக் கூட்டித் தருவார்கள், திரும்பிவிடுவோம்.

அந்த மனிதர் கண்டிப்பில் யாருக்கும் குறைந்தவர் அல்லர். நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவிட்டு ஏன் என்று எழுதாத மாணவரைத் திரும்ப வார்டுக்கு அனுப்புவார், மணி ஏழானாலும் எட்டானாலும். அரசுக் கல்லூரி மேற்படிப்பு இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீடு என்பதால் தமிழே தெரியாதவர்கள் வருவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊரிலோ அம்மாப்பேட்டையில் சௌராஷ்டிரம், பல நெசவாளர் வீடுகளில் தெலுங்கு, கன்னடம். நெஞ்சுக்குள் ஏதோ உருளுகிறது என்று ஒரு கிழவி சொன்னால், அந்தச் சொல்லையே அவளுடைய மொழியில் எழுதிக்கொண்டு வர வேண்டும் என்பது அவர் விதி. பதற்றம் என்று சுருக்கி எழுதினால் ஏற்கமாட்டார். ஆனால் இந்தத் திருத்தங்கள் எல்லாம் டியூட்டி அறைக்குள் நடக்கும். எங்கள் எதிரில் அவர் குரலை உயர்த்தியதே இல்லை. ஒருமுறை அண்ணனுக்கு மருந்து மாற்றுவது பற்றிப் பேச்சு வந்தபோது மாணவரைப் பார்த்து, எனக்கும் இது புரியவில்லை, இன்று மாலை சேர்ந்து படிப்போம் என்றார். அம்மாவுக்கு அவர்மீது நம்பிக்கை வந்தது அன்றுதான். தரம் இறங்கும் என்று எச்சரிப்பவர்களுக்கு என்னால் காட்ட முடிந்த சான்று இவ்வளவுதான்.

2001 ஆகஸ்டு 6 உங்களுக்கு நினைவிருக்கும். ஏர்வாடி தர்காவை ஒட்டிய மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். செய்தி கேட்ட அன்று அம்மா அண்ணனின் கணுக்காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் நாங்களும் அங்கே கூட்டிப்போக நினைத்தவர்கள்தான். அந்த வாரம் சீஃப் வழக்கமான வகுப்பை நிறுத்திவிட்டு மாணவர்களை எங்களோடு உட்கார வைத்தார். அந்தக் குடும்பங்கள் ஏன் அங்கே போனார்கள் என்று இவர்களிடம் கேளுங்கள் என்றார். இரண்டு மணி நேரம் பேசினோம். பேய் என்றும் தோஷம் என்றும் அலைந்ததை, கையில் காசு தீர்ந்ததை, பக்கத்து வீட்டார் கதவைச் சாத்தியதை எல்லாம் சொன்னோம். அவர் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் 1950களிலேயே டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்துக்குள் கூடாரமடித்துத் தங்கவைத்தார். வேலூரிலும் உறவினர் உடன் தங்குவது வெகுகால வழக்கம். குடும்பம் மருத்துவமனைக்குள்ளேயே இருப்பது நம் நாட்டு மனநல மருத்துவத்தின் பெரிய சொத்து. பயிற்சியில் அதை யார் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள்? உங்கள் ஒன்பது பேருக்கும் மாதம் ஒரு வகுப்பையாவது எங்களைப் போன்றவர்கள் எடுக்கட்டும்.

அடுத்து நான் சொல்லப்போவதை எந்தப் பாடத்திட்டத்திலும் நான் கண்டதில்லை. எம்.டி. மூன்று ஆண்டு. அண்ணனின் நோய் முப்பது ஆண்டு. பத்துத் தலைமுறை பிஜி டாக்டர்கள் அவரைக் கடந்து போயிருக்கிறார்கள். யாரிடமும் சொல்லாத ஒன்றை ஓர் இளைஞனிடம் நம்பிச் சொல்லியிருப்பார். அடுத்த மாதம் அந்த நாற்காலியில் வேறொருவர் இருப்பார். முதல் மருத்துவமனையில் ஒருவர் அப்படிப் போனபோது, அண்ணன் மூன்று மாதம் ஊசி போட்டுக்கொள்ள மறுத்தார். யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. தேர்வு, தீசிஸ், வேலை தேடல் என்று அந்தப் பையனுக்கும் ஆயிரம் கவலை இருந்திருக்கும், அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சொல்லிக்கொண்டு போக வேண்டும் என்பதை மேலே இருந்தவர் கற்றுத் தந்திருக்க வேண்டும். இரண்டாவது இடத்தில், போகிறவர் கடைசி இரண்டு மாதங்கள் வருகிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டுதான் அண்ணனைப் பார்ப்பார். எப்போது போகிறார், எங்கே போகிறார் என்று சொல்வார். புதியவர் கேஸ் ஷீட்டை எடுத்து அந்தச் சிவப்பு வரியை அண்ணனுக்கும் அம்மாவுக்கும் வாய்விட்டு வாசித்துக் காட்டுவார். ஒவ்வொரு முறையும் அம்மா, ஆமாம் சாமி, அதேதான் என்பார்.

எழுதக் கஷ்டமான ஒன்றும் உண்டு. அண்ணனின் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒருவர், வீட்டுக்குப் போன இரண்டாம் வாரம் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். அவரைப் பார்த்துவந்த இரண்டாமாண்டு மாணவர் மறுநாள் வார்டுக்கு வந்தபோது எங்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. விசாரணைக்கு என்று யார் யாரோ கேஸ் ஷீட்டைப் புரட்டினார்கள். சீஃப் அந்தப் பையனோடு இறந்தவர் வீட்டுக்குப் போனார். அடுத்த பத்து நாள் ஓபியில் தன் நாற்காலியை அவன் மேசைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அதிகம் பேசியதாகத் தெரியவில்லை. இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு நாள் எப்போதாவது வந்தே தீரும் என்கிறார்கள். உங்கள் ஒன்பது பேரில் யாருக்காவது வரும்போது, தயவுசெய்து, முதலில் அவரிடம் போங்கள். கேஸ் ஷீட்டைப் பிறகு பார்க்கலாம்.

வேலை நேரத்தைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கப்போவதில்லை. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரம் போதும், ஒருநாள் ஓய்வு வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. அந்தக் குழு நடத்திய கணக்கெடுப்பில் பதில் அளித்த மேற்படிப்பு மாணவர்களில் 15.3 சதவீதம் பேர் தங்களுக்கே மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற துறைகள் எப்படியோ போகட்டும், இதைப் படித்துவிட்டு ஒரு மனநலத் துறை சும்மா இருக்கலாகாது. இங்கிலாந்தில் மனநல மருத்துவம் பயில்பவருக்கு வாரம் ஒரு மணி நேரம் மேற்பார்வையாளரோடு தனியாக உட்காரும் உரிமை உண்டு. அதை யாரும் பறிக்கக் கூடாது. ஒன்பது பேருக்கு வாரம் ஒன்பது மணி நேரம். உங்கள் ஓபி கூட்டத்தில் அது முடியாது என்பீர்கள். மூன்று ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு மூன்று மணி நேரம். அதற்காக நிர்வாகத்திடம் சண்டை போடுங்கள். கத்த வேண்டும் என்றால் அங்கே கத்துங்கள்.

ஏற்காட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நான் இப்போது இருப்பது அடிவாரத்தில். நாகலூர்ப் பக்கமிருந்து ஓர் அம்மாள் மகனுக்கு மருந்து வாங்க மாதாமாதம் இறங்கி வருவார். காப்பி பறிக்கும் பருவத்தில் ஒருநாள் இறங்கினால் ஒருநாள் கூலி போச்சு. ஆகவே அந்த மாதங்களில் மருந்து தீர்ந்தும் வரமாட்டார். மருந்தைச் சரியாக எடுப்பதில்லை, குடும்பத்துக்கு அக்கறை இல்லை என்று சீட்டில் எழுதியிருந்தது. சீஃப் அதை எழுதிய மாணவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மேலே அனுப்பினார். இருபது கொண்டை ஊசி வளைவு, அதன்பின் நடை. அந்தப் பிள்ளை வாந்தி எடுத்து, வழி கேட்டு, அந்த வீட்டுக் கம்பங்களி சாப்பிட்டுத் திரும்பினார். மறுவாரம் முதல் அந்த வீட்டுக்கு இரண்டு மாத மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். இப்போது மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதப் பணி கட்டாயம் என்கிறார்கள். நல்லது. அந்த மூன்று மாதத்தில் ஒரு நாளாவது உங்கள் மாணவர்கள் நோயாளியின் பஸ்ஸில் வீடுவரை போய் வரட்டும்.

முதல் வகுப்புக்கு ஆள் தேடினால் நாங்கள் வருகிறோம். பழைய கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தை நகலெடுத்து வைத்திருக்கிறேன், கொண்டுவருகிறேன். அம்மா இப்போது இல்லை. அண்ணனைக் கேட்டேன், வருகிறேன் என்றார். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அது ஊசி நாள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்