அப்பாவின் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர், இசிஆர் முத்திரை (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு) வேறு. துபாய்க்கு விசிட் விசாவில் போக முடியுமா?

பாலக்கோடு பக்கம், அப்பாவுக்கு 54 வயது, எட்டாவது வரை படிப்பு, துபாயில் வேலை செய்யும் உங்கள் தம்பியோடு ஒரு மாதம் இருந்துவிட்டு வர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் விசா எடுப்பது இதில் கடைசி வேலை. அதற்கு முன் பாஸ்போர்ட்டைச் சரிசெய்ய வேண்டும்.

காவேரிப்பட்டணத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் விண்ணப்பம் போட வருகிறவர்களோடு பாதி நேரம் பெயர் விஷயத்திலேயே போய்விடும். நம் ஊரில் முருகன் என்றால் முருகன்தான், முன்னால் ஒரு இனிஷியல், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும். எதற்கு வம்பு என்று பலர் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். உங்கள் அப்பாவுக்கும் இதுதான் நடந்திருக்கும்.

ஒரே சொல்லில் பெயர் இருந்தால் விசிட், சுற்றுலா விசாக்களில் உள்ளே விடுவதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல் விதி போட்டது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் பரவாயில்லை என்று பிறகு ஒரு தளர்வு வந்தது. அதை நம்பி டிக்கெட் போடச் சொல்ல எனக்கு மனம் வராது. செக்-இன் கவுன்டரில் இருப்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் பணம் போனது போனதுதான். “எனக்கும் ஒரே பெயர்தான், நான் வரலையா?” என்று உங்கள் தம்பி கேட்கலாம். அங்கே குடியிருப்பு விசா உள்ளவர்களுக்கு இந்த விதி கிடையாது. அதனால் அவர் அனுபவம் அப்பாவுக்குப் பொருந்தாது.

ஆகவே பாஸ்போர்ட்டை ரீ-இஷ்யூ செய்துவிடுங்கள். அப்பாவின் பெயர் கிவன் நேமில், தாத்தாவின் பெயர் சர்நேமில் வரட்டும். முதலில் ஆதாரில் அதே எழுத்துக்கூட்டலோடு முழுப்பெயரை மாற்றிவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய்.

அதே விண்ணப்பத்திலேயே இசிஆரையும் எடுத்துவிடலாம். பத்தாவது முடிக்காதவர்களுக்குத்தான் அந்த முத்திரை என்று எல்லோருக்கும் தெரியும். 50 வயது தாண்டியவர்களுக்குப் படிப்பு எதுவானாலும் அது தேவையில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் அப்பா அந்தக் கணக்கில் வந்துவிடுகிறார், வயதுக்கான சான்று போதும்.

முத்திரை இருந்தாலும் மகனைப் பார்க்கப் போவதற்குத் தடை இல்லை. குடிபெயர்வு அனுமதி என்பது வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும். வேலைக்கல்லாமல் போகிறவர்கள் செல்லுபடியாகும் விசாவும் ரிட்டர்ன் டிக்கெட்டும் காட்டினால் போதும் என்று 2007 அக்டோபரிலிருந்தே இருக்கிறது.

இந்த இடத்தில்தான் ஏஜென்ட்டுகள் புகுந்துகொள்கிறார்கள். “விசிட்ல போங்க, அங்க போய் வேலை விசாவா மாத்திக்கலாம்” என்று யாராவது உங்கள் வீட்டில் இன்னொருவருக்கு ஆசை காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். சம்பளம் தராவிட்டால் கேட்க ஒப்பந்தமும் இருக்காது. முறையாக வேலைக்கு அனுப்பும் பதிவுபெற்ற ஏஜென்ட்டின் பெயர் இ-மைக்ரேட் என்ற மத்திய அரசுத் தளத்தில் இருக்கும். அவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று பேச்சு ஆரம்பித்தால் அது வேறு கணக்கு.

சரி, விசாவுக்கு வருவோம். அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளின் விசாவோ குடியிருப்பு அட்டையோ இல்லாத இந்தியர்களுக்கு அங்கே இறங்கியதும் விசா கிடைக்காது, முன்கூட்டியே எடுக்க வேண்டும். தம்பியே ஸ்பான்சர் செய்யலாம், அவருக்குச் சம்பள வரம்பு ஒன்று உண்டு. இல்லையென்றால் டிராவல்ஸ் மூலம் 30 அல்லது 60 நாள் விசா எடுக்கலாம். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். ஒரு மாதம்தான் இருக்கப்போகிறார் என்றாலும் 60 நாள் விசாவே எடுங்கள் என்பேன். நாள் தாண்டினால் தினமும் 50 திர்ஹாம் அபராதம். பேரன் பேத்தி முகம் பார்த்தபின் அப்பாக்கள் தேதியைத் தள்ளிப்போடாமல் இருப்பதில்லை.

தம்பியின் எமிரேட்ஸ் ஐடி (அமீரக அடையாள அட்டை) நகல், வீட்டு வாடகை ஒப்பந்த நகல், ரிட்டர்ன் டிக்கெட், மூன்றையும் காகிதமாகவே அப்பா கையில் கொடுத்தனுப்புங்கள். போனில் இருந்தால் போதும் என்பார்கள். தேவனஹள்ளியில் உள்ள பெங்களூரு விமான நிலையம் போய்ச் சேர்வதற்குள் சார்ஜ் போய்விட்டால் அவர் யாரைக் கேட்பார்?

அம்மா கட்டிக்கொடுக்கும் மசாலாப் பொட்டலத்தையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். கசகசா அங்கே போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது, ஒரு சிட்டிகைகூடப் போகக் கூடாது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு அட்டையாகவே வைத்துவிடுங்கள்.