வெளியூர்க்காரருக்குக் கார் விற்பவர்களின் கேள்விகள்

செட்டிநாட்டுப் பக்கமிருந்து கார் விற்பனை பற்றி நிறையக் கேட்டிருக்கிறீர்கள். வாங்க வருபவர் பெங்களூரு, சென்னை, புனே என்று எங்கேயோ இருக்கிறார் என்பதுதான் எல்லாருடைய கவலையும்.

காரைக்குடியில் என் ஸ்விஃப்ட் காருக்கு ஆன்லைனில் விளம்பரம் கொடுத்தேன். ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவர் காரைப் பார்க்காமலே கேட்ட விலைக்குச் சம்மதித்தார். முன்பணத்துக்கு கியூஆர் கோடு அனுப்பியிருக்கிறார். ஸ்கேன் செய்யலாமா?

வேண்டாம். பணம் வாங்குபவர் எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, யூபிஐ பின்னும் போட வேண்டியதில்லை. பின் போட்டால் போவது உங்கள் பணம். வாட்ஸ்அப்பில் அடையாள அட்டைப் படமும் வந்திருக்குமே? அது யாருடைய அட்டையோ. எனக்கு கியூஆர் கோடைவிட அவர் பேரமே பேசாததுதான் உறுத்துகிறது. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பித்தளைக் குத்துவிளக்கு வாங்க வருபவர்கூட அரை மணி நேரம் விலை பேசுவார். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குபவர் இன்ஜின் சத்தத்தைக்கூடக் கேட்க வேண்டாம் என்றால் அவருக்குத் தேவை கார் இல்லை. ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் பேசுங்கள். தாமதிக்கத் தாமதிக்க, பணத்தை மறித்து நிறுத்துவது கடினம்.

வாங்குபவர் ஆர்டிஜிஎஸ் (வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் முறை) போட்டதற்கான படத்தை அனுப்பிவிட்டு, தன் டிரைவரிடம் காரைக் கொடுத்துவிடச் சொல்கிறார். கொடுக்கலாமா? (தேவகோட்டை)

படத்தையும் எஸ்எம்எஸ்ஸையும் போலியாகச் செய்யலாம். உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து, பணம் வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். 2020 டிசம்பரிலிருந்து ஆர்டிஜிஎஸ் 24 மணி நேரமும் இயங்குகிறது. அதனால் 'ஞாயிற்றுக்கிழமை, நாளைக்கு ஏறிவிடும்' என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். காசோலை என்றால் அது பாஸாகும்வரை சாவி உங்களிடமே இருக்கட்டும். டிடி கொண்டுவந்தால், கொடுத்த வங்கிக் கிளையில் விசாரியுங்கள். அதற்கான எண்ணை நீங்களாகத் தேடி எடுங்கள்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. காரை வாங்குபவரின் சொந்தக் கணக்கிலிருந்தே பணம் வர வேண்டும். 'நண்பன் கணக்கிலிருந்து போடுகிறேன்' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது எங்கோ ஏமாற்றிய பணமாக இருந்து புகார் கிளம்பினால், முடக்கப்படுவது உங்கள் கணக்காகவும் இருக்கலாம். ரொக்கமாகத் தருகிறேன் என்றாலும் யோசியுங்கள்: 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி பணம் வாங்கிய உங்களுக்கே அதே அளவு அபராதம் வரும்.

பெங்களூருக்காரர் நேரில் வந்து காரைப் பார்த்தார், நல்ல மனிதராகத் தெரிகிறார். 'படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், பெயர் மாற்றத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறார். (பள்ளத்தூர்)

நல்ல மனிதராகவே இருக்கட்டும். ஆனால் கர்நாடகத்தில் பதிவு செய்யப் போனால் அங்கே சாலை வரி கட்ட வேண்டும், அது கணிசமான தொகை. அதனாலேயே பலர் தமிழ்நாட்டு எண்ணிலேயே ஓட்டிக்கொண்டு நாளைத் தள்ளுவார்கள். அதுவரை உரிமையாளர் நீங்கள்தான். வண்டி விற்றுப் பல கை மாறியிருந்தாலும், விபத்து இழப்பீட்டுக்குப் பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது.

ஆகவே பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரும் தேதியும் நிரப்பிய பிறகே கையெழுத்திடுங்கள். வேறு மாநிலத்துக்குப் போவதால் படிவம் 28-இல் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும். அதற்கு சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி தேவை, எனவே கார் வீட்டில் நிற்கும்போதே எடுத்துவிடுங்கள். நிலுவை அபராதங்களை முதலில் கட்டுங்கள். கடன் இருந்தால் படிவம் 35-ஐக் கொடுத்து ஆர்சியில் அதை நீக்குங்கள். நான் சொல்லும் வரிசை: முன்பணம், என்ஓசி, முழுப்பணம், அப்புறம்தான் அசல் ஆர்சியும் சாவியும். முன்பணம் வாங்காமல் என்ஓசி எடுத்து, வியாபாரம் முறிந்தால், அதை ரத்து செய்யவும் நீங்கள்தான் ஆர்டிஓ ஆபீசுக்கு அலைய வேண்டும்.

காரை ஒப்படைக்கும்போது தேதி, நேரம், ஓடிய கிலோமீட்டர் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். லாரியில் ஏற்றி அனுப்பினால் வாடகை அவர் பொறுப்பு. 'வாடகையை நீங்கள் கட்டுங்கள், சேர்த்துத் தருகிறேன்' என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அப்பச்சி (அப்பா) காலமாகிவிட்டார்கள், கார் அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். ஏஜென்ட் 'கையெழுத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறார். (கானாடுகாத்தான்)

அந்த ஏஜென்டை விட்டுவிடுங்கள். இறந்தவர் கையெழுத்தைப் போடுவது மோசடி. வாரிசுச் சான்றிதழுடன் படிவம் 31 கொடுத்து முதலில் வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்றுங்கள். விற்பது அதற்குப் பிறகு.

சென்னை டீலர் ஒருவர் 'காரை விட்டுப் போங்கள், விற்றுத் தருகிறேன்' என்கிறார். சரிதானா?

ஆர்டிஓ அங்கீகாரம் பெற்ற டீலர் என்றால் சரி. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, காரை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். அதன்பின் கார் தொடர்பான பொறுப்பு அவருடையது. 'அந்தப் படிவமெல்லாம் எதற்கு' என்று கேட்பவரிடம் விடாதீர்கள்.

பாஸ்டேக், இன்ஷூரன்ஸ்?

கார் கிளம்பும் அன்றே பாஸ்டேக்கை முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் லெம்பலக்குடி சுங்கச்சாவடியிலேயே உங்கள் பணம் கழியும். இன்ஷூரன்ஸ் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற வாங்கியவர் 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) காரோடு போகாது. நிறுவனத்திடம் கடிதம் வாங்கி வைத்தால் உங்கள் அடுத்த காருக்கு உதவும்.